கல்லின் பெயர் கண்டவர்

நுழையும்முன்

தொல்லியல் என்றதும் எகிப்து நாட்டின் பிரமிடுகளும், பதப்படுத்தப்பட்ட உடல்களும், மன்னரின் பொன் முகக்கவசமும் நம் நினைவுக்கு வருகின்றன. அத்துறையின் பெரும்பகுதி வேலையோ உடைந்த பானை ஓட்டையும் உருமாறிய கல்லையும் கையில் எடுத்து, அது எங்கே கிடைத்தது என்று எழுதிவைப்பதாகும். தென்னிந்தியாவில் அவ்வேலையைத் தொடங்கி வைத்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதனை விடாது செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட். அவருடைய வாழ்வைச் சொல்லும் இப்பாடத்தில் தொல்லியல் சொற்கள் பல, அவை பிறந்த இடத்திலேயே அறிமுகமாகின்றன.

ஓரியின் மலை

நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பது கொல்லிமலை. வில்லாற்றலால் புகழ்பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், கொல்லிப்பாவை உறையும் மலை என்றும் சங்கப் பாடல்கள் வழியாக நாம் அதனை அறிவோம். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் மலைமேல் செல்கிறோம். 1860ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இச்சாலை இல்லை. ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. அக்காலத்தில் இம்மலையையும் இதனைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் பாறை பாறையாக ஆராய்ந்தது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை. 1851இல் தொடங்கப்பெற்ற அத்துறையின் முதன்மை நோக்கம் நிலக்கரி, இரும்பு முதலான கனிமங்களைக் கண்டறிவதாகும்.

சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளை ஆராய்ந்து எழுதப்பட்ட அறிக்கை 1864இல் வெளிவந்தது. அதில் காந்த இரும்புத்தாதுப் படிவுகள் சில தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஒன்று கஞ்சமலையின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று கொல்லிமலையின் பெயரைத் தாங்கியது. அறிக்கையை எழுதியவர்கள் இருவர். ஒருவர் வில்லியம் கிங். மற்றவர் இராபர்ட் புரூஸ் ஃபுட்.

ஃபுட், இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். 1858ஆம் ஆண்டின் இறுதியில், தம் 24ஆம் வயதில், நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறையின் நிறம், மணி, படிவின் சாய்வு ஆகியவற்றைக் கண்டு எழுதுவதே அவர் பணி. இவ்வாறு களத்திற்கே சென்று கண்டு குறிப்பெடுப்பதைக் களஆய்வு என்கிறோம். நிலத்தைத் தோண்டாமல், மேலே கிடப்பவற்றை நடந்து தேடிப் பதிவுசெய்வது மேற்பரப்பாய்வு. தோண்டி ஆராய்வது அகழாய்வு. ஃபுட் தம் வாழ்நாளில் மிகுதியும் செய்தவை முதல் இரண்டுமே. நடையும் கூர்ந்த பார்வையுமே அவருடைய கருவிகள்.

தமிழோடு அவருக்கு இன்னோர் உறவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றி, ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவர் பீட்டர் பெர்சிவல். பின்னர் சென்னைக்கு வந்த அவர், தமிழ்ப் பழமொழிகளை ஆறாயிரத்துக்கும் மேலாகத் திரட்டி வெளியிட்டார். அவருடைய மகளையே ஃபுட் மணந்தார். மக்கள் வாயில் வழங்கியும் எவரும் எழுதிவைக்காத பழமொழிகளை மாமனார் திரட்டினார். மக்கள் காலடியில் கிடந்தும் எவரும் எழுதிவைக்காத கற்களை மருமகன் திரட்டினார். ஒரு குடும்பத்தில் இப்படி இருவர் அமைந்தது வியப்புக்குரியது.

பல்லாவரத்தில் ஒரு நாள்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்புத் திடலருகே சரளைக்கல் எடுப்பதற்காகச் சிறு குழி ஒன்று தோண்டப்பட்டிருந்தது. குழியிலிருந்து வாரிக் கொட்டிய சரளைக் குவியலில் ஒரு கல், ஃபுட்டின் கண்ணில் பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒருபுறம் பிடிக்க வாய்ப்பாகவும் மறுபுறம் கூராகவும் இருந்தது. இருபக்கங்களிலும் வரிசையாகச் சில்லுகள் பெயர்த்தெடுக்கப்பட்ட தழும்புகள் தெரிந்தன.

ஆற்றில் உருளும் கல் வழவழப்பாகும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கல் ஒழுங்கின்றி வெடிக்கும். ஒரே கோணத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, விளிம்பைக் கூராக்கும் நோக்கத்தோடு இயற்கை கல்லைப் பெயர்ப்பதில்லை. அக்கல் மனிதன் செய்த கருவி என ஃபுட் தெளிந்தார். அதற்குக் கைக்கோடரி என்று பெயர். காம்பு பொருத்தாமல் கையாலேயே பற்றிப் பயன்படுத்தியதால் அப்பெயர் வந்தது. கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்துக் கருவி செய்த அக்காலத்தைப் பழைய கற்காலம் என்கிறோம். இந்தியாவில் பழைய கற்காலக் கருவியொன்று இன்னதென்று உணர்ந்து பதிவுசெய்யப்பட்ட முதல் நிகழ்வு இதுவே.

அந்தக் கல் அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்தது என்று கருத வேண்டா. குழி வெட்டிய தொழிலாளர் கைகளில் எத்தனை கருவிகள் சரளையோடு சரளையாகச் சாலையில் கொட்டப்பட்டனவோ! ஃபுட்டின் கண் ஆயத்தமாக இருந்தது என்பதே வேறுபாடு. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சமவெளியில் பூசே தெ பெர்த் என்பவர் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளைக் கண்டெடுத்து, 1847இலிருந்து எழுதிவந்தார். அறிஞருலகம் அவரை எள்ளியது. 1859இல் பிரஸ்ட்விச், ஈவான்ஸ் ஆகிய ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று கண்டபிறகே அதனை ஏற்றது. உலகம் தோன்றி ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று ஐரோப்பியர் பலர் நம்பியிருந்த காலம் அது. இச்செய்திகளை அறிந்திருந்த ஃபுட், அத்தகைய கருவி இந்திய மண்ணிலும் இருக்கக்கூடும் என எதிர்பார்த்திருந்தார்.

பிரமிடுகளின் நாட்டிலும் நிலைமை இதனை ஒத்ததே. எகிப்தின் எழுத்துகளை 1822இல் சாம்போலியன் படித்தறிந்தபின், அந்நாட்டு மன்னர்களின் வரலாற்றை அறிவதில் உலகம் மூழ்கியது. அம்மன்னர்களுக்கு மிக முந்திய கல்லாயுத மனிதர்களைப் பற்றிப் பேசியோர் சிலரே. தீப்சு நகரருகே பழஞ்சரளைப் படிவுகளில் தீக்கற்கருவிகளைப் பிட் ரிவர்ஸ் கண்டறிந்தது 1881இல். பல்லாவரத்துக் கல் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே பெயர் பெற்றுவிட்டது.

மண்ணடுக்கு என்னும் சான்று

பல்லாவரத்துக் கல்லில் ஒரு குறையிருந்தது. அது கொட்டிக் கிடந்த குவியலில் கிடைத்தது. குழியின் எந்த ஆழத்திலிருந்து வந்தது என எவரும் கூற இயலாது. நேற்று யாரோ மேலே போட்டுச் சென்ற கல்லாகவும் இருக்கலாமே என்று ஐயுறுவார்க்கு விடை இல்லை. ஒரு பொருள் முதலில் படிந்த இடத்திலேயே, கலையாமல் கிடப்பதைக் கண்டால்தான் அதன் பழமை உறுதிப்படும். மேலுள்ள மண்ணடுக்கு பிந்தியது, கீழுள்ளது முந்தியது என்பது நிலவியலின் அடிப்படை விதி. ஓலைச்சுவடிக் கட்டில் அடியில் வைத்த ஏடு முதலில் வைத்ததாக இருத்தல் போன்றது அது.

ஆகவே ஃபுட் மேலும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். கொற்றலையாற்றுப் படுகையில், ஓடை அரித்த கரைகளில் மண்ணடுக்குகள் திறந்து கிடந்தன. அங்கே கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அடுக்குக்குள் பதிந்த நிலையிலேயும் கிடைத்தன. பல்லாவரம் எழுப்பிய வினாவுக்கு அத்திரம்பாக்கம் விடை தந்தது.

(இவ்விடத்தில் ஒரு செய்தி. வில்லியம் கிங்கின் தந்தை பெயரும் வில்லியம் கிங்கே. அயர்லாந்தில் பேராசிரியராக இருந்த அவர்தாம், செருமனியில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து நியாண்டர்தால் மனித இனத்துக்கு 1864இல் அறிவியற்பெயர் சூட்டியவர். தந்தையும் மகனும் இருவேறு கண்டங்களில் ஒரே வினாவைத் தொட்டுக்கொண்டிருந்தனர்.)

கருவிகள் கிடைத்த இடங்களை நிலப்படத்தில் குறித்தபோது ஃபுட்டுக்கு மற்றோர் உண்மை புலப்பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையின் கூழாங்கற்கள் எளிதில் கிடைக்கும் இடங்களையொட்டியே பழைய கற்கால மனிதர் வாழ்ந்திருந்தனர். அக்கல் தட்டினால் சீராகப் பெயரும். கூர் எளிதில் மழுங்காது. தெற்கே செல்லச் செல்ல அக்கல் அருகியது, கருவிகளும் அருகின. நிலவியலாளர் ஒருவருக்கே எளிதில் தோன்றக்கூடிய விளக்கம் இது. அவர் கற்ற கல்வியும் அவர் மேற்கொண்ட விருப்பமும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அத்திரம்பாக்கத்தின் கதை அத்துடன் முடியவில்லை. அதே இடத்தில் அண்மைக் காலத்தில் நடந்த அகழாய்வுகளின் முடிவுகள் 2011இலும் 2018இலும் வெளியாயின. அங்குள்ள பழைய கற்காலக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்றும், அடுத்துவந்த இடைப் பழைய கற்கால நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தோன்றிவிட்டது என்றும் அவை கூறுகின்றன. ஆண்டுக்கணக்கைச் சொல்லும் கருவிகள் ஃபுட்டின் காலத்தில் இல்லை. முந்தியது, பிந்தியது என்ற வரிசையை மட்டுமே அவரால் கூற முடிந்தது. ஆனால், எங்கே தோண்ட வேண்டும் என்பதை அவர் எழுதிவைத்த குறிப்பே பின்வந்தோர்க்குக் காட்டியது.

தெரிந்து தெளிவோம்

கண்டெடுத்த இடம் என்பதைத் தொல்லியலார் கிடைப்பிடம் என்பர். பொருளையும் அதனைச் சூழ்ந்து கிடந்தவற்றையும் சேர்த்து நோக்குவது சூழமைவு. கிடைப்பிடமும் சூழமைவும் அறியப்படாத பொருள் அழகாக இருக்கலாம், சான்றாக நிற்காது. இறந்தோரைப் புதைத்து எழுப்பிய கல்வட்டம், கல்திட்டை, முதுமக்கள் தாழி முதலியவை ஈமச்சின்னங்கள் எனப்படும். எகிப்தின் பிரமிடும் ஈமச்சின்னமே. உருவில் மலைபோன்றதாயினும் வகையில் நம் ஊர்ப் புறத்துக் கல்திட்டைக்கு உறவானது.

சாம்பல் மேடுகள்

ஃபுட்டின் பணி பின்னர் வடக்கே பெல்லாரிப் பகுதிக்கு நகர்ந்தது. அங்கு ஊர்களின் புறத்தே பெரும் சாம்பல் மேடுகள் இருந்தன. சில இடங்களில் சாம்பல் உருகி இறுகிக் கசடுபோல் கிடந்தது. இதிகாசக் காலத்து அரக்கரை எரித்த சாம்பல் அது என்று மக்கள் கூறினர். எரிமலையால் விளைந்தது என்று கருதியோரும் உண்டு. ஃபுட் அம்மேடுகளில் கற்கோடரிகளையும் பானை ஓடுகளையும் கால்நடை எலும்புகளையும் கண்டார். மாடு வளர்த்த புதிய கற்கால மக்கள் பட்டிகளில் சேர்ந்த சாணத்தை எரித்ததால் உண்டான மேடுகள் இவை என்ற முடிவுக்கு வந்தார்.

இம்முடிவு நெடுங்காலம் ஐயத்துக்கு உள்ளாகியே இருந்தது. ஃபுட் மறைந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1957இல், ஆல்ச்சின் என்னும் அறிஞர் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். பட்டிக்கு வேலியாக நட்ட கழிகளின் குழிகளும், மாடுகளின் குளம்புத் தடங்களும் அங்கே வெளிப்பட்டன. எரிமலையும் அரக்கரும் விலக, மாட்டுச்சாணம் உண்மையாயிற்று. நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்த எவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விளக்கத்தை அறிஞருலகம் ஏற்க இத்தனை காலம் ஆனது சற்று நகைப்புக்குரியதே.

1884இல் கர்நூல் பகுதியிலுள்ள பில்லசுர்க்கம் குகைகளை ஆராயும் பொறுப்பு அவருக்கு வந்தது. படையில் பணியாற்றிய தம் மகன் ஹென்றியுடன் அங்கே விலங்கெலும்புகளைத் தோண்டியெடுத்தார். 1891இல் அரசுப்பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் பரோடா அரசிலும் மைசூர் அரசிலும் நிலவியல் பணிகளை ஏற்றார். சபர்மதி ஆற்றங்கரையில் கற்கருவிகள் கண்டதும் அக்காலத்தில்தான்.

கோயிலில் இருந்த கோடரிகள்

ஃபுட் தம் இல்லமாகத் தேர்ந்தது சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காடு. பெர்சிவலும் 1882இல் அங்கேதான் மறைந்தார். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, சவ்வாது ஆகிய மலைகளில் வாழும் தொல்குடியினர் மலையாளி எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது அப்பெயரின் பொருள். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

அம்மலைகளில் நிலத்தை உழும்போதும், மழை மண்ணை அரித்தபின்னும், கருநிறக் கற்கள் சில வெளிப்படுவதுண்டு. ஒருமுனை குவிந்தும் மறுமுனை அகன்று கூராகவும், தேய்த்து வழவழப்பாக்கியும் இருக்கும். பல்லாவரத்துக் கைக்கோடரிக்கும் இதற்கும் இடையே காலம் மிகப் பெரிது. தட்டிச் சில்லு பெயர்த்து, கொத்திச் சமன்செய்து, மணலும் நீருமிட்டுப் பாறையில் அரைத்துத் தீட்டிய கோடரி இது. மரக்காம்பு பொருத்திப் பயன்பட்டது. பயிர்செய்யவும் கால்நடை வளர்க்கவும் தொடங்கிய மக்களின் கருவியாதலால் இதன் காலத்தைப் புதிய கற்காலம் என்கிறோம்.

(மலையின் பாறை வேறு, கோடரியின் கல் வேறு என்பதும் அறியத்தக்கது. சேர்வராயன், கொல்லி மலைகளின் உடற்பாறை சார்னோக்கைட் எனப்படுவது. கொல்கத்தாவில் உள்ள சோப் சார்னோக் என்பவரின் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது என்பதால் அப்பெயர் வந்தது. அக்கல்லறைக்கல் நம் பல்லாவரப் பகுதியிலிருந்து சென்றது! கரடுமுரடான மணிகளையுடைய அப்பாறை கூர்தீட்ட ஏற்றதன்று. ஆதலால் கோடரி செய்தோர் நுண்மணிகளையுடைய கரும்பாறையைத் தேடிக் கொணர்ந்தனர்.)

இத்தகைய கற்களைக் கண்டெடுத்த மலைமக்கள் அவற்றை வீசியெறியவில்லை. மற்றக் கற்களோடு சேர்த்து வரப்பில் அடுக்கவும் இல்லை. பிள்ளையார் கோயிலிலும் மரத்தடித் தெய்வத்தின் முன்னும் கொண்டுபோய் வைத்தனர். சில இடங்களில் அவை குவியலாகவே சேர்ந்திருந்தன. ஃபுட்டின் தொகுப்பில் இடம்பெற்றுள்ள சேர்வராயன் மலைக் கோடரிகளின் பின்னால் இவ்வழக்கம் இருக்கிறது. கொல்லிமலைக் கோயில்களிலும் வழிபாட்டில் இருக்கும் கற்கோடரிகளை இன்றும் ஆய்வாளர் காண்கின்றனர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் இவை இடியோடு வானிலிருந்து விழுந்த கற்கள் என்று நம்பினர். வீட்டில் வைத்தால் இடி தாக்காது என்று போற்றினர். எனவே இது நம் மலைமக்களின் அறியாமை என்று எண்ணுதல் தகாது.

இக்கற்களை முதலில் கண்டறிந்தவர் யார் என்னும் வினா இங்கே எழுகிறது. இக்கல் இயற்கையாக அமைந்தது அன்று, மற்றவற்றினின்றும் வேறானது என்று பிரித்தறிந்தவர் உழவு செய்த மலையாளியே. அவர் அதற்குத் தெய்வம் என்று பெயரிட்டார். ஃபுட் அதற்குப் புதிய கற்காலக் கோடரி என்று பெயரிட்டார். முன்னவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பின்னவருடைய பெயரால் தொகுப்பே அழைக்கப்படுகிறது. அறிவியலின் வரலாறு பெரும்பாலும் எழுதத் தெரிந்தவரின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. கோயிலில் வைக்கப்பட்ட கோடரி எந்த வயலில் கிடைத்தது என்பது பெரும்பாலும் மறைந்துபோகிறது. கோயிலிலிருந்து அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போதோ, அதனை வணங்கியவர்களிடமிருந்து அது பிரிகிறது. முதலாவதில் அறிவுக்கு இழப்பு. இரண்டாவதில் மக்களுக்கு இழப்பு. ஃபுட்டின் காலத்து அலுவலர்கள் இரண்டாம் இழப்பை மிகுதியாக எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைய ஆய்வாளர் கோயிற் கற்களை இருந்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, ஊராரிடம் கேட்டறிந்து எழுதிக்கொண்டு திரும்புகின்றனர். அதுவே தக்க முறை. மலைப்பகுதிகளில் பயிலும் மாணவர் எவரேனும் அத்தகைய கல்லைக் காண நேர்ந்தால் அதனைப் பெயர்த்தெடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம்.

எண்ணிட்ட ஆண்டுகள்

ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டு இல்லத்தில் ஃபுட் செய்த வேலை, வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சலிப்பூட்டக்கூடியது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கற்கள், பானை ஓடுகள், சங்கு வளையல் துண்டுகள், மணிகள், இரும்புப் பொருள்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கிடைப்பிடம், பொருளின் வகை, செய்த கல் ஆகியவற்றை எழுதினார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. பழைய கற்காலம், புதிய கற்காலம், முற்பட்ட இரும்புக்காலம், பிற்பட்ட இரும்புக்காலம் என நான்கு காலங்களாக அவற்றை வகைப்படுத்தினார். நம் நாட்டின் எழுத்துக்கு முந்திய வரலாற்றுக்கு முதலில் கிடைத்த சட்டகம் அதுவே.

அதே ஆண்டுகளில் எகிப்தில் பிளிண்டர்ஸ் பெத்ரி என்பவர் மற்றவர் ஒதுக்கியெறிந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பானையின் வடிவம் காலந்தோறும் மாறுவதைக் கொண்டு கல்லறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தலாம் என்று 1899இல் நிறுவினார். பெத்ரியிடம் 1892இல் அமர்னாவில் பயிற்சி பெற்ற பதினேழு வயது இளைஞர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1922இல், துட்டன்காமன் என்னும் இளமன்னரின் கல்லறையைத் திறந்தார். அவர் ஓவார்டு கார்ட்டர். பொன்னும் மணியும் குவிந்திருந்த அவ்வறையைக் கண்ட செய்தி உலகெங்கும் பரவியது. அதன்பின் கார்ட்டர் செய்ததைப் பலரும் அறியார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண்ணட்டை வைத்து, வைத்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்து, வரைந்து, பதப்படுத்தி, ஒவ்வொன்றாக வெளியே கொணர அவருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. எகிப்தியச் சாகசம் என்று கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் காண்பதில் இப்பத்து ஆண்டுகள் இடம்பெறுவதில்லை.

பானை ஓடு எவ்வளவு பேசும் என்பதற்கு எகிப்திலிருந்தே நமக்கொரு சான்று உண்டு. செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. பொன் தேடுவோர் கண்ணில் அவை வெறும் ஓடுகள். எண்ணிட்டு எழுதிய கைகளில் அவை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர் எகிப்தியத் துறைமுகத்தில் இருந்தனர் என்பதற்குச் சான்றாயின.

ஃபுட் தம் தொகுப்பைச் சிதறவிடவில்லை. அயல்நாட்டுக்கும் கொண்டுசெல்லவில்லை. 1904இல் அது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு விலைக்குத் தரப்பட்டது. பெருந்தொகுப்பு ஒன்று அது எடுக்கப்பட்ட மாகாணத்திலேயே தங்கியது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி. அதன் பின்னும் விளக்கப் பட்டியலைச் செப்பஞ்செய்யும் வேலை தொடர்ந்தது. முதுமையிலும் அதனை அவர் விடவில்லை.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், தம் 78ஆம் வயதில் ஃபுட் மறைந்தார். ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் உள்ளது. அவர் எழுதிய விளக்கப் பட்டியலைச் சென்னை அருங்காட்சியகம் 1914இல் அச்சிட்டது. அவற்றின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916இல் தனி நூலாக வெளிவந்தன. அச்சான நூல்களில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான், அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அவர் குறித்த ஓடைகளையும் மேடுகளையும் தேடிச் சென்றனர்.